இடத்திற்கேற்ற உடல்: உலகப் பறவைகளின் உருவ வேறுபாடுகள்



உலகில் ஏறத்தாழ 11,000 பறவை இனங்கள் வாழ்கின்றன. இரண்டு கால்கள், இரண்டு சிறகுகள், ஓர் அலகு, உடலைப் போர்த்தும் இறகுகள் ஆகியவை அவை அனைத்திற்கும் பொதுவானவை. ஆயினும், அவற்றின் உருவத்திலும் பருமனிலும் காணப்படும் வேறுபாடு மிகப் பெரிது. கியூபா நாட்டில் வாழும் தேனீ ரீங்காரச் சிட்டு ஏறத்தாழ 2 கிராம் எடையே உடையது. நம் கையிலுள்ள 10 சென் நாணயம் அதனினும் கனமானது. ஆப்பிரிக்கச் சமவெளியில் ஓடித் திரியும் தீக்கோழியோ 100 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுடையது.

ஓரிடத்துப் பறவை பருத்தும் மற்றோர் இடத்துப் பறவை சிறுத்தும் இருப்பது ஏன்? ஒன்றன் சிறகு கூர்மையாகவும் மற்றொன்றன் சிறகு அகன்றும் இருப்பது ஏன்? ஒரே இனப் பறவை ஓர் ஊரில் கருத்தும் வேறோர் ஊரில் வெளுத்தும் காணப்படுவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சுருங்கக் கூறின், பறவையின் உடல் ஒரு கண்ணாடி போன்றது. அது வாழும் இடத்தின் குளிரும் வெப்பமும், அங்குக் கிடைக்கும் உணவும், அது பறக்க வேண்டிய தொலைவும் அவ்வுடலில் தெரிகின்றன. அக்கண்ணாடியைப் பார்க்கக் கற்றவர்கள், தம் தோட்டத்துப் பறவைகளைக் கொண்டே உலகத்தைப் பற்றிப் பலவற்றை அறிந்துகொள்ளலாம்.

1. குளிர்நாட்டின் பெரிய உடல்

காகத்தை அறியாதவர் நம்முள் எவருமிலர். நம் நகரங்களில் காணும் ஊர்க்காகத்தின் எடை ஏறத்தாழ 300 கிராம் ஆகும். இது மலாயாவின் பழைய பறவையன்று. காப்பித் தோட்டங்களில் இலைகளை அழித்த புழுக்களைத் தின்பதற்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. இக்காகத்தின் உறவாகிய பெருங்காகம் கிரீன்லாந்து முதலிய குளிர்நாடுகளில் வாழ்கிறது. அதன் எடை 1 கிலோகிராமுக்கும் மேற்பட்டது.

பென்குயின் பறவைகளை நோக்குவோம். தென்துருவப் பனியில் வாழும் பேரரசப் பென்குயின் 1 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் 20 முதல் 40 கிலோகிராம் வரை எடையும் உடையது. நிலநடுக்கோட்டின்மீது அமைந்த கலாபகசுத் தீவுகளில் வாழும் பென்குயினோ ஏறத்தாழ அரை மீட்டர் உயரமும் 2 அல்லது 2.5 கிலோகிராம் எடையுமே உடையது.

நெருங்கிய உறவுடைய உயிர்களுள் குளிர்ந்த பகுதிகளில் வாழ்வன பெரிய உடலையும், வெப்பப் பகுதிகளில் வாழ்வன சிறிய உடலையும் பெற்றிருக்கும் என்பதை 1847ஆம் ஆண்டில் கார்ல் பெர்க்மான் என்னும் செருமானிய அறிஞர் எடுத்துரைத்தார். இதனைப் பெர்க்மான் விதி என்பர்.

இதற்குரிய காரணத்தை வீட்டிலேயே அறியலாம். ஒரே கொதி தேநீரைச் சிறிய கிண்ணம் ஒன்றிலும் பெரிய பானை ஒன்றிலும் ஊற்றி வையுங்கள். கிண்ணத்துத் தேநீர் விரைவில் ஆறிவிடும். பானைத் தேநீர் நெடுநேரம் சூடாக இருக்கும். வெப்பம் மேற்பரப்பின் வழியாகவே வெளியேறுகிறது. சிறிய பொருளுக்கு அதன் கொள்ளளவை நோக்க மேற்பரப்பு மிகுதி.

இதனைக் கணக்காகவும் செய்து பார்க்கலாம். 1 சென்டிமீட்டர் பக்கமுடைய கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். கன அளவு 1. ஒவ்வொரு கன அளவுக்கும் 6 பங்கு மேற்பரப்பு உண்டு. 2 சென்டிமீட்டர் பக்கமுடைய கனசதுரத்தின் மேற்பரப்பு 24. கன அளவு 8. 24ஐ 8ஆல் வகுத்தால் 3 பங்கே வருகிறது. உடல் பெருத்தால் வெப்பம் வெளியேறும் வாயில் ஒப்பளவில் சுருங்குகிறது. ஆதலின் குளிர்நாட்டுப் பறவைக்குப் பெரிய உடல் ஒரு போர்வையாகிறது. வெப்பநாட்டில் உடற்சூட்டை விரைவில் வெளியேற்ற வேண்டியிருப்பதால் சிறிய உடல் நன்மை தருகிறது.

"அப்படியானால் உலகின் மிகப் பெரிய பறவையாகிய தீக்கோழி வெப்பமிக்க ஆப்பிரிக்காவில் வாழ்வது எவ்வாறு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! இவ்விதி உறவுடைய இனங்களை ஒப்பிடுவதற்கே உரியது. காகத்தைத் தீக்கோழியோடு ஒப்பிடுவதற்கு உரியதன்று. மேலும், இயற்கையின் இத்தகைய விதிகள் கணக்கு வாய்பாட்டைப் போல ஒவ்வோர் இடத்திலும் பிசகாமல் பொருந்துவன அல்ல. பெரும்பாலும் பொருந்துவன என்று கொள்ளுதலே முறையாகும்.

2. வெப்பத்தை வெளியேற்றும் அலகு

1877ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சோயல் ஆலன் மற்றொரு விதியைக் கூறினார். குளிர்நாட்டு உயிர்களின் காது, கால், வால் முதலிய நீட்டிய உறுப்புகள் குறுகியும், வெப்பநாட்டு உயிர்களின் உறுப்புகள் நீண்டும் இருக்கும் என்பது அவ்விதி. பறவைகளுக்கு வெளியே நீண்ட காது இல்லை. எனவே அலகும் காலும் இவ்விதியைக் காட்டுகின்றன. 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 200க்கும் மேற்பட்ட பறவை இனங்களின் அலகுகள் ஒப்பிடப்பட்டன. குளிர் மிகுந்த இடங்களில் வாழ்வனவற்றின் அலகு, உறவினங்களின் அலகைவிடக் குறுகி இருப்பது அதில் புலனாயிற்று.

அலகு உணவு உண்பதற்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறோம். தென்னமெரிக்காவின் தூக்கான் பறவைக்கு உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அலகே ஆகும். அவ்வலகினுள் குருதிக் குழாய்கள் நிறைந்துள்ளன. வெப்பம் மிகும்போது அப்பறவை அலகுக்குச் செல்லும் குருதியைக் கூட்டி உடற்சூட்டை வெளியேற்றுகிறது. குளிரும்போது அதனைக் குறைத்துக் கொள்கிறது. இவ்வுண்மை 2009ஆம் ஆண்டில் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கருவியின் துணையால் மெய்ப்பிக்கப்பட்டது.

கால்களிலும் இத்தகைய வேறுபாட்டைக் காணலாம். வடதுருவப் பகுதியின் பனி ஆந்தைக்கு விரல்கள் வரையிலும் இறகு மூடியிருக்கும். நம் நாட்டு ஓடைக் கரைகளில் வாழும் மீன் ஆந்தையின் கால்களிலோ இறகு இல்லை. இங்கு வெப்பத்தோடு மற்றொரு காரணமும் சேர்கிறது. நீரில் காலை நனைத்து மீன் பிடிக்கும் பறவைக்கு இறகு மூடிய கால் இடையூறன்றோ? ஓர் உறுப்பின் வடிவத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம் என்பதை இதனால் அறிக.

3. சிட்டுக்குருவி கற்பித்த பாடம்

ஈரம் மிகுந்த நாடுகளில் பறவைகளின் நிறம் கருமை கூடியும், வறண்ட நாடுகளில் வெளுத்தும் இருக்கும் என்பதை 1833ஆம் ஆண்டிலேயே குளோகர் என்னும் அறிஞர் குறித்திருந்தார். அடர்ந்த காட்டின் நிழலில் கருநிறமும், மணல்வெளியில் வெளிர்நிறமும் பகைவர் கண்ணிலிருந்து மறைவதற்கு உதவுகின்றன. இறகுகளை அரிக்கும் நுண்ணுயிர்கள் ஈரத்தில் பெருகும். கருநிறப் பொருள் அவற்றை எதிர்த்து நிற்கும் என்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இத்தகைய மாற்றங்கள் நிகழ்வதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும் என்று அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றியது எளிய வீட்டுச் சிட்டுக்குருவியே ஆகும். வட அமெரிக்காவில் இக்குருவி முன்பு இல்லை. 1851, 1852ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டுப் பறக்கவிடப்பட்டது. பின்னர் அது கண்டம் முழுவதும் பரவியது. சான்சுடன், செலாண்டர் என்னும் இரு அறிஞர்கள் பல ஊர்களின் குருவிகளை அளந்து 1964ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். வடக்கே குளிர் மிகுந்த இடத்துக் குருவிகள் உடல் பெருத்திருந்தன. மழை மிகுந்த மேற்குக் கரையில் அவை கருத்திருந்தன. தென்மேற்குப் பாலைநிலத்தில் வெளுத்திருந்தன. ஏறத்தாழ 110 ஆண்டுகளுக்குள் இத்துணை வேறுபாடு!

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். எந்தக் குருவியும் தான் விரும்பித் தன் உடலைப் பெருக்கிக் கொள்ளவில்லை. ஒரு கூட்டத்துக் குருவிகளுள் சில சற்றுப் பெரியனவாகவும் சில சற்றுச் சிறியனவாகவும் பிறக்கின்றன. கடுங்குளிரில் சிறியன மிகுதியாக மடிகின்றன. பெரியன மிகுதியாகப் பிழைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. அக்குஞ்சுகள் தாய் தந்தையரின் உடலமைப்பைப் பெறுகின்றன. தலைமுறை தோறும் இது நடைபெறும்போது கூட்டத்தின் உருவமே மாறிவிடுகிறது. இதனை இயற்கைத் தேர்வு என்பர்.

4. சிறகின் வடிவம்

செப்டம்பர் மாதத்திற்குப் பின்னர் நம் நகரங்களின் மின்கம்பிகளில் மாலை வேளையில் வரிசையாக அமரும் சிறு பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை தகைவிலான் குருவிகள். ஆசியாவின் வடபகுதியில் பிறந்து, அங்குக் குளிர் வருமுன் தெற்கே வருகின்றன. அவற்றின் சிறகு நீண்டு கூர்மையாக முடிந்திருக்கும். செம்பனைக்கு இடையே மேயும் செங்காட்டுக் கோழியின் சிறகையும் நோக்குங்கள். அது குட்டையாகவும் வளைந்தும் அகன்றும் இருக்கும். பகைவரைக் கண்டதும் சட்டென மேலெழுந்து புதருக்கு அப்பால் இறங்குவதற்கு அச்சிறகு போதும்.

10,000க்கும் மேற்பட்ட பறவை இனங்களின் சிறகுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நெடுந்தொலைவு பறக்கும் பறவைகள் மிகுந்த வடநாடுகளில் கூரிய சிறகும், ஆண்டு முழுவதும் உணவு கிடைக்கும் வெப்பமண்டலக் காடுகளில் அகன்ற சிறகும் மிகுந்து காணப்படுவதை அது காட்டியது.

கூரிய சிறகின் ஆற்றலுக்குப் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை சான்றாகும். 2022ஆம் ஆண்டில், பிறந்து ஐந்தே மாதமான ஓர் இளம்பறவை அலாசுக்காவிலிருந்து புறப்பட்டு ஆசுதிரேலியாவின் தாசுமேனியாவில் இறங்கியது. 11 நாள்கள், 13,560 கிலோமீட்டர்! இடையில் உணவில்லை, நீரில்லை, ஓய்வுமில்லை. இவ்வினம் புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பயணத்தில் பயன்படாத குடல் முதலிய உறுப்புகளைச் சுருக்கிக் கொள்கிறது.

அகன்ற சிறகிலும் நெடும்பயணம் செய்வன உண்டு. தேன்பருந்துகள் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் சிறகை விரித்து மிதந்து உயர்கின்றன. கடலின்மேல் அத்தகைய காற்று மிகுதியாக எழுவதில்லை. எனவே அவை கடலின் குறுகிய பகுதியைத் தேடிக் கடக்கின்றன. சுமாத்திராவிலிருந்து வடக்கே திரும்பும் பருந்துகள் மார்ச்சு மாதத்தில் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவான் முனையில் கரையேறுவதைக் காணலாம். சிறகின் வடிவமே பயணத்தின் பாதையையும் வகுக்கிறது என்பதற்கு இது நம் நாட்டுச் சான்றாகும்.

5. உணவும் அலகும்

நம் ஐந்து ரிங்கிட் தாளில் பெரிய அலகுடைய பறவையொன்றின் படம் உள்ளது. அதுவே மலேசியாவின் தேசியப் பறவையாகிய இருவாய்ச்சி. மலாய் மொழியில் அதனை எங்காங் என்பர். தென்னமெரிக்காவின் தூக்கானையும் இதனையும் படத்தில் அடுத்தடுத்து வைத்தால் உடன்பிறந்தவை என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அவை நெருங்கிய உறவுடையன அல்ல. இரண்டும் காட்டு மரங்களின் பழங்களை எட்டிப் பறித்து உண்பவை. ஒரே தொழில் இரு கண்டங்களில் ஏறத்தாழ ஒரே வடிவத்தை உண்டாக்கியது. அவ்வாறே நம் செம்பருத்திப் பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டும் அமெரிக்காவின் ரீங்காரச் சிட்டும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. எனினும் இரண்டிற்கும் மெல்லிய நீண்ட அலகு உண்டு.

உணவு மாறினால் அலகும் மாறும் என்பதைக் கண்முன்னே கண்டவர்கள் பீட்டர் கிராண்ட், ரோசுமேரி கிராண்ட் என்னும் அறிஞர் இணையர். 1973ஆம் ஆண்டு முதல் அவர்கள் கலாபகசுத் தீவுகளுள் ஒன்றான டாப்னி மேசரில் குருவிகளுக்கு வளையமிட்டு அளந்து வந்தனர். 1977ஆம் ஆண்டில் அங்குக் கடும் வறட்சி ஏற்பட்டது. சிறிய மென்மையான விதைகள் தீர்ந்துபோயின. பெரிய கடினமான விதைகளே எஞ்சின. ஏறத்தாழ 1,200 ஆக இருந்த நடுத்தரத் தரைக்குருவிகள் ஏறத்தாழ 180 ஆகக் குறைந்தன. பிழைத்தவை பெரும்பாலும் தடித்த அலகுடையவை. அவற்றின் குஞ்சுகளுக்கும் சராசரி அலகு முன்னைவிடத் தடித்திருந்தது. பின்னர் 1983ஆம் ஆண்டில் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருகியபோது, சிறிய அலகுடையவை நன்கு வாழ்ந்தன.

தடித்த அலகு உயர்ந்ததா, சிறிய அலகு உயர்ந்ததா? இரண்டும் இல்லை. வறட்சியில் ஒன்று உதவியது. மழையில் மற்றொன்று உதவியது. இயற்கையில் உயர்ந்த உடல், தாழ்ந்த உடல் என்பது கிடையாது. அந்தந்த இடத்திற்கும் காலத்திற்கும் பொருந்திய உடலே உண்டு.

6. நம் தீவுக்கூட்டத்தில் வாலேசு

இவ்வுண்மைகளை ஆராய்ந்த அறிஞருள் ஒருவர் நம் மண்ணிலேயே நடந்து திரிந்தவர். ஆல்பிரடு ரசல் வாலேசு 1854ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தார். மலாக்காவிலும் பின்னர்ச் சரவாக்கிலும் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். சரவாக்கில் அவருக்குத் துணையாக அமைந்தவர் அலி என்னும் மலாய் இளைஞர். சமையல் வேலைக்கு வந்த அலி, பறவைகளைச் சேகரிக்கவும் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டு, பல தீவுகளுக்கு வாலேசுடன் சென்றார். வாலேசின் சேகரிப்பில் அலியின் உழைப்பு பெரும்பங்கு உடையது.

1856ஆம் ஆண்டில் வாலேசு பாலித் தீவிலிருந்து லோம்போக் தீவுக்குச் சென்றார். இரண்டிற்கும் இடையே உள்ளது குறுகிய நீரிணையே. தட்பவெப்பமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் பாலியில் மரங்கொத்தி, குக்குறுவான் முதலிய ஆசியப் பறவைகளைக் கண்ட அவர், லோம்போக்கில் ஆசுதிரேலிய வகையைச் சேர்ந்த காக்கத்துவாக் கிளியைக் கண்டார். அந்நீரிணை மிக ஆழமானது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்திலும் அது தரையாகவில்லை. எனவே இருபுறத்து உயிர்களும் பெரும்பாலும் கலக்கவில்லை. ஒரு பறவையின் உருவத்திற்குத் தட்பவெப்பமும் உணவும் மட்டுமன்றி, அதன் மூதாதையர் எங்கிருந்து வந்தனர் என்பதும் காரணம் என்பதை இதனால் அறிகிறோம். இயற்கைத் தேர்வு பற்றி வாலேசும் சார்லசு டார்வினும் தனித்தனியே கண்ட கருத்துகள் 1858ஆம் ஆண்டில் லண்டனில் ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன.

7. தீவுகளும் பறக்காத பறவைகளும்

பூனை, கீரி, நரி முதலிய பகை விலங்குகள் இல்லாத தீவுகளில் சில பறவைகள் பறக்கும் ஆற்றலையே இழந்தன. பறப்பதற்கு வேண்டிய பெரிய மார்புத் தசைகளைப் பேணுவதற்கு மிகுந்த உணவு வேண்டும். பறக்கத் தேவையில்லாத இடத்தில் அது வீண் செலவன்றோ? மொரீசியசுத் தீவில் வாழ்ந்த டோடோ பறவை உண்மையில் புறா இனத்தைச் சேர்ந்தது. அதன் இன்றைய நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. அந்தமான், நிக்கோபார் முதலாகப் பல சிறு தீவுகளில் வாழும் அப்புறா நன்கு பறக்கக்கூடியது.

மனிதர் கப்பலில் வந்திறங்கினர். அவர்களோடு எலியும் பன்றியும் குரங்கும் வந்தன. பறக்க அறியாத டோடோ 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்தது. நியூசிலாந்தின் பறக்காத கிளியாகிய காக்காப்போ சில நூறு மட்டுமே எஞ்சிப் பாதுகாப்பில் உள்ளது. இடம் மெல்ல மாறினால் உடல் பொருந்திக்கொள்ளும். இடம் திடீரென மாறினால், நேற்றுவரை உதவிய உடலே இன்று கேடாக முடியும்.

8. நம் காலத்து மாற்றம்

உலகின் வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் பறவைகளின் உடல் என்னவாகிறது? இதற்கு விடை தந்தவர்களுள் ஒருவர் சிகாகோ நகரின் பீல்டு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டேவிடு வில்லார்டு. பயணப் பறவைகள் இரவில் உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடிகளில் மோதி மடிவது வழக்கம். 1978ஆம் ஆண்டு முதல் அவர் அப்பறவைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் அளந்து ஏட்டில் எழுதி வந்தார். 2016ஆம் ஆண்டு வரை அளக்கப்பட்டவை 52 இனங்களைச் சேர்ந்த 70,000க்கும் மேற்பட்ட பறவைகள். கணக்கிட்டபோது, அவற்றின் கால் எலும்பு சராசரியாக 2.4 விழுக்காடு குறுகியிருந்தது, சிறகோ 1.3 விழுக்காடு நீண்டிருந்தது. உடல் சிறுத்தும் பயணத் தொலைவு குறையவில்லை. அதனை ஈடுசெய்யவே சிறகு நீண்டிருக்கலாம் என்பர்.

நம் நாட்டைப் போலவே நிலநடுக்கோட்டை ஒட்டிய அமேசான் காட்டிலும் இத்தகைய மாற்றம் காணப்பட்டது. 77 இனங்களை 40 ஆண்டுகள் ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பெரும்பாலானவை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு எடை குறைந்துள்ளன. மனிதர் காலடி படாத காட்டின் நடுவிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது என்பதே கவலைக்குரியது. பறவைகள் மாறிக்கொண்டுதான் உள்ளன. அம்மாற்றம் வெப்பத்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்குமா என்பதே இன்றைய பெரிய வினா.

9. நம் தோட்டத்தில்

நம் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் கம்பங்களின்மேல் மரப்பெட்டிகள் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அவை கூகைகளுக்காக அமைக்கப்பட்டவை. கூகையின் தட்டு போன்ற முகம் ஒலியைத் திரட்டிக் காதுக்குச் செலுத்துகிறது. அதன் காதுகள் ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் அமைந்திருப்பதால், இருளிலும் எலியின் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிகிறது. சிறகின் ஓரத்திலுள்ள மெல்லிய குஞ்சம் பறக்கும் ஓசையை அடக்குகிறது. எலி தின்னும் குலைகளைக் காக்கும் காவலன் இப்பறவை.

பெற்றோர்களே! கூகை அலறினால் வீட்டிற்குக் கேடு என்று சிலர் இன்றும் அஞ்சுகின்றனர், கல்லெறிந்து விரட்டுகின்றனர். அதன் அலறல் இணையையோ குஞ்சையோ அழைக்கும் குரலே ஆகும். எலிக்கு வைக்கும் நஞ்சு, அந்த எலியைத் தின்னும் கூகையையும் கொல்லக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்வோம். குலையைச் சுமந்து வாழும் நமக்கு, அக்குலையைக் காக்கும் பறவை பகையாகுமா?

மாணவச் செல்வங்களே! கவணைக் கீழே வைத்துவிட்டுக் குறிப்பேட்டைக் கையில் எடுங்கள். டேவிடு வில்லார்டுக்கு உதவியவை அளவுகோலும் எழுதுகோலும் இடைவிடாத முயற்சியுமே. அலி படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். கூர்ந்து நோக்கவும் பொறுமையுடன் கற்கவும் அறிந்தவர். நம் லயத்து வாசலில் மைனா இருக்கிறது; பால்மரக் காட்டில் மரங்கொத்தி இருக்கிறது; வடிகால் ஓரத்தில் மீன்கொத்தி இருக்கிறது. இன்று நீங்கள் நாளும் மாதமும் குறித்து எழுதி வைப்பது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்விடத்தில் என்ன மாறியது என்பதை அறிய உதவும் ஒரே சான்றாகவும் அமையலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 3 சென்டிமீட்டர் பக்கமுடைய கனசதுரத்தின் மேற்பரப்பையும் கன அளவையும் கண்டு, ஒரு கன அளவுக்கு எத்தனை பங்கு மேற்பரப்பு உண்டு எனக் கூறுக. பெர்க்மான் விதியோடு அதனைப் பொருத்திக் காட்டுக.

2. இருவாய்ச்சிக்கும் தூக்கானுக்கும் உள்ள ஒற்றுமை யாது? அவ்வொற்றுமைக்குக் காரணம் யாது?

3. வட அமெரிக்கச் சிட்டுக்குருவிகளின் நிறம் இடத்திற்கு இடம் வேறுபட்டது எவ்வாறு?

4. டோடோ பறவை பறக்கும் ஆற்றலை இழந்ததும், பின்னர் அழிந்ததும் ஏன்?

5. உங்கள் வீட்டருகே ஒரு வார காலம் காலையில் காணும் பறவைகளுள் மூன்றனைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் அலகு, கால், சிறகு ஆகியவற்றின் வடிவத்தையும் உண்ணும் உணவையும் எழுதுக. வடிவத்திற்கும் உணவிற்கும் உள்ள தொடர்பைப் பெற்றோரிடம் விளக்கிக் கூறுக.